ஆறாம் எண்ணில் யாருமில்லை

மண்டபத்தில் இறங்கும்போது பதினொன்றே கால்.
கச்சான் அடித்துக்கொண்டிருந்தது.
டோக்கன் ஆபீஸ் சன்னல் கதவை
வலைக்கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"நேத்து வரைக்கும் ஓடுச்சு சார்"
என்றார் சேகு ஜலாலுதீன்.
எல்லா ஊரிலும் எல்லா மெஷினும்
நேற்று வரைக்கும் ஓடியவைதான்.

பீரோ நிழலில் சர்வர்.
அதன் தலைமேல் டேப் டிரைவ்.
டிரைவின் தலைமேல் கொசுவத்தித் தட்டு.

சாம்பலை ஊதினேன்.
ஆரஞ்சு விளக்கு இரண்டு தரம் சிமிட்டி
கொஞ்சம் யோசித்து
மறுபடி இரண்டு தரம் சிமிட்டியது.
கிளீனிங் டேப்பைக் கொடுத்தேன்.
தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம்,
பிறகு பச்சை.
"அவ்வளவுதானா?" என்று டீ சொல்லி அனுப்பினார்.

நானும் அவ்வளவுதான் என்றே நினைத்தேன்.
ஆனாலும் சர்வரை அணைத்து எழுப்பினேன்.
அது விழித்ததும் தன் ஆட்களை
எண் சொல்லிக் கூப்பிடும்.
பூஜ்யம்? இருக்கிறேன்.
ஒன்று? இருக்கிறேன்.
ஆறு?
ஆறு?
ஆறாம் எண்ணில் யாருமில்லை.

பின்பக்கம் குனிந்தேன்.
இந்த ஊருக்கு வடக்கேயும் கடல் தெற்கேயும் கடல்;
எந்தக் காற்றும் வெறுங்கையோடு வராது.
அறுபத்தெட்டு ஊசியிலும் பச்சை பூத்திருந்தது.
பழைய பல்துலக்கி, கொஞ்சம் ஸ்பிரிட்,
அரைமணி நேரம் முழங்காலில்.
அப்போதுதான் பார்த்தேன்,
வரிசையின் கடைசியில் மாட்ட வேண்டிய டெர்மினேட்டர் இல்லை.
கட்டைவிரல் அளவுதான்.
அது இல்லாத கம்பியில்
சொன்ன சொல் முனையில் மோதித் திரும்பிவந்து
அடுத்த சொல்லின் மேல் விழும்.

மேசை அறையில் கிடைத்தது,
குண்டூசி டப்பாவுக்கும் தேய்ந்த முத்திரைக்கும் நடுவே.
"தடைக்காலத்துல வெள்ளையடிச்சப்ப
ஏதோ உடைஞ்சு விழுந்துச்சுன்னு எடுத்து வச்சேன் சார்."

மாட்டினேன். ஆறு? இருக்கிறேன்.

திங்கள் டேப்பைப் போட்டேன். வெறுமை.
செவ்வாய். வெறுமை.
வெள்ளி வரை பார்த்துவிட்டு நிறுத்தினேன்.
அவரோ பதிவேட்டைத் திறந்து காட்டினார்:
ஒரு நாள் விடாமல் நீல மையில்
'பேக்கப் எடுக்கப்பட்டது'.
ராத்திரி டேப் உள்ளே போனது,
காலையில் வெளியே வந்தது.
பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார்.

அதே பக்கத்தின் அடியில்
ஆனி மாதப் பராமரிப்புத் தாள் ஒட்டியிருந்தது.
'நல்ல நிலையில் உள்ளது.'
கையெழுத்து என்னுடையது.
அன்று பச்சை விளக்கைப் பார்த்தேன்.
பரமக்குடி பஸ்ஸுக்கு மணியைப் பார்த்தேன்.

டீ ஆறிப்போயிருந்தது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
வாசலில் ஒரு டிரைவர் பையன்
சீட்டைக் கொடுத்துவிட்டு நழுவப் பார்த்தான்.
"டேய் பிச்சைராஜா, வந்த நேரத்தைப் போட்டுட்டுப் போ.
போனதை மட்டும் வச்சு நான் என்னத்த செய்ய?"
சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நின்றார்.
ஸ்கேலை எடுத்தார்.
பேக்கப் பத்திக்குப் பக்கத்தில்
இன்னொரு கோடு இழுத்து
'படித்துப் பார்த்தது' என்று தலைப்பிட்டார்.

புது டேப் ஓடி முடிய ஏழேகால் ஆனது.
ஒரு நாளை மட்டும் திரும்பக் கேட்டோம்,
ஆடி பதினெட்டை, வேறு ஃபோல்டரில்.
வந்தது. நூற்று முப்பத்தொரு படகும் வந்தன.
விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டவர்
417-இல் நின்றார்.
போன நேரம் ஐந்து நாற்பது.
வந்த நேரம் காலி.

என் வயிறு ஒரு கணம் இறங்கியது.

"டீசல் தீந்து பாம்பன்ல நின்னுட்டாய்ங்க.
மறுநாள் மத்தியானம் வந்துட்டாய்ங்க சார்,
எழுத விட்டுப்போச்சு."
மூலப் பட்டியலைத் திறந்து
ஒற்றை விரலால் நேரத்தை அடித்தார்.
பிறகு கவலையாகத் திரும்பினார்:
"அப்ப டேப்புல இருக்கறது தப்பாயிருச்சே?"

"ஆயிருச்சு," என்றேன்.
"நாளை ராத்திரி சரியாகும்."

கொசுவத்தித் தட்டை
சன்னல் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு
கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன்.